ஓட்டுத் துண்டில் ஒரு பெயர்

(நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். குளத்தூர் கல்லறைத் தோட்டத்தில் ஆற்றிய மறையுரை)



நேற்று சாயங்காலம் நீங்களெல்லாம் இங்கே சிலுவைகளை நிமிர்த்திக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் கையில் கடப்பாரை, ஒருவர் கையில் சுண்ணாம்பு வாளி. வருஷா வருஷம் இந்த வேலை வந்துவிடுகிறது. நம் கரிசல் அப்படி. சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊறி உப்பும். வீட்டுச் சுவரையே கீற வைக்கிற மண், ஒரு சிலுவையை நேராக நிற்க விடுமா? நாலைந்து வருஷம் யாரும் வராமல் விட்டால் மேடும் அமுங்கிப்போகும், சிலுவையும் சாய்ந்து மறைந்துபோகும். இன்னார் இங்கே கிடக்கிறார் என்று சொல்ல ஒரு தடயமும் இருக்காது.

நம் மறைக்கல்வி வகுப்புப் பையன் ஒருவன் தன் தாத்தாவின் சிலுவையில் கறுப்புப் பெயின்ட் வைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். தலையைத் தூக்காமலே கேட்டான்: "சாமி, சீனாவுல மண்ணுக்குள்ள எட்டாயிரம் பட்டாளம் நிக்குதாமே, நெசமா?" நெசந்தான் என்றேன். கொஞ்ச நேரம் எழுதினான். பிறகு கேட்டான்: "அவுகளுக்கும் பேரு எழுதியிருக்குமா?"

இரவெல்லாம் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. இன்று எனக்கு வேறு மறையுரை இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

1974-ஆம் வருஷம் மார்ச் மாதம். சீன தேசத்தில் சியான் என்ற நகரத்துக்குக் கிழக்கே ஒரு சம்சாரிகள் ஊர். மழை பொய்த்த காலம். வெள்ளாமைக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து கிணறு தோண்டினார்கள். மழை பொய்த்த வருஷத்தில் கிணறு தோண்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் ஆழம் போகப் போக மனசு அடித்துக்கொள்ளும். ஊறினாலும் சவர்த்தண்ணீராக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே மண்ணை அள்ளுவோம். அவர்களுக்கு அகப்பட்டது சுட்ட மண். முதலில் பழைய ஜாடி என்று நினைத்தார்களாம். தோண்டத் தோண்ட அது ஒரு மனிதனின் உடம்பாக வந்தது. பிறகு தலை. பிறகு இன்னொருவன்.

அது சின் ஷி ஹுவாங் என்ற பேரரசனின் பட்டாளம். 13 வயதில் சின் நாட்டு அரியணை ஏறியவன். மற்ற ஆறு நாடுகளையும் அடித்துப் பிடித்து கி.மு. 221-இல் சீனா முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தவன். அவன் தனக்குக் கல்லறை கட்டத் தொடங்கியது அரியணை ஏறிய உடனே என்று சிமா சியான் என்ற பழைய சீன வரலாற்றாசிரியர் எழுதுகிறார். 7 லட்சம் பேர் வேலை செய்தார்கள் என்றும் எழுதுகிறார். அந்தக் கல்லறை மேட்டுக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, பெரிய குழிகளில், ஆள் உயரத்துக்கு மண் வீரர்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். சுமார் 8,000 பேர் இருப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. தேர்கள் 100-க்கு மேல், குதிரைகள் பல நூறு. பாதிக்கு மேல் இன்னும் தோண்டாமலே இருக்கிறது.

அதைச் செய்த விதத்தைக் கேளுங்கள். நம் பக்கத்தில் வேளார் வீடுகளில் ஐயனாருக்குக் குதிரை வனைவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கால்கள் முதலில். அதன்மேல் மண்ணைத் திரித்துத் திரித்து அடுக்கி, உள்ளே கூடாக உடம்பு. தலையைத் தனியே செய்து பொருத்துவார்கள். அச்சில் எடுத்த முகத்தின் மேல் கையால் காது, மீசை, புருவம், கொண்டை எல்லாம் வைத்து வைத்து, ஒரு முகம் இன்னொரு முகம் போல இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள். பிறகு சூளையில் சுட்டு, அரக்குப் பூசி, மேலே சிவப்பும் பச்சையும் ஊதாவும் தீட்டினார்கள். ஆயுதங்கள் மண் இல்லை. நிஜமான வெண்கலம்.

2,000 வருஷம் இருட்டில் இருந்த அந்த வண்ணம், வெளிக்காற்றுப் பட்ட சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்துவிட்டது. அதனால்தான் படங்களில் எல்லாரும் வெறும் மண் நிறத்தில் நிற்கிறார்கள்.

இனி பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பெயர் உண்டா? உண்டு தம்பி. ஆனால் வீரன் பெயர் இல்லை. சில பொம்மைகளின் உடம்பில், எளிதில் கண்ணில் படாத இடத்தில், சின்னதாக ஒரு பெயர் கீறியிருக்கிறது அல்லது முத்திரை குத்தியிருக்கிறது. அது செய்த கைவினைஞனின் பெயர், அல்லது அவனுக்கு மேஸ்திரியாக இருந்தவனின் பெயர். பாசத்தில் எழுதிய பெயர் என்று நினைத்துவிடாதே. வேலையில் பழுது கண்டால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும், அதற்காக எழுதியது. தண்டனைக்கு விலாசம் அது.

அந்த நாட்டின் பழைய வழக்கம் இன்னும் கொடியது. அதே சின் நாட்டில் மூ என்ற அரசன் கி.மு. 621-இல் இறந்தபோது 177 பேரை அவனோடு சாகடித்துப் புதைத்தார்கள். போகிற இடத்தில் அரசனுக்கு ஏவல் செய்ய ஆள் வேண்டுமாம். 200 வருஷத்துக்கு மேல் கழித்துத்தான், கி.மு. 384-இல், அந்த வழக்கத்தை ஒரு சின் அரசனே நிறுத்தினான். இதை யோசித்துப் பார்த்தால் அந்த மண் பொம்மைகள் மேல் எனக்கு ஒரு நன்றிகூட வருகிறது. அங்கே நிற்கிற ஒவ்வொரு பொம்மையும் ஒரு மனிதனுக்குப் பதிலாக நிற்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை வீட்டுக்குப் போக, மண் குழிக்குள் போயிருக்கிறது.

ஆனால் சாவுக்குப் பயந்தவனின் கை அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. பேரரசன் சாகாமல் இருக்க மருந்து தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பினான். கி.மு. 210-இல் சுற்றுப்பயணத்தில் இறந்தான். செய்தி வெளியே போகக் கூடாது என்று அதிகாரிகள் மூடி மறைத்தார்கள். வெயில் காலம். பிணவாடை தெரியாமலிருக்க வண்டியில் உப்பு மீனை ஏற்றிக் கூடவே கொண்டுவந்தார்கள் என்கிறார் சிமா சியான். வேம்பாரிலும் வைப்பாரிலும் கருவாடு காயப்போடுகிற நம் சனங்களுக்கு அந்த வாடை தெரியும். சீனா முழுவதையும் ஆண்ட அரசனின் கடைசி ஊர்வலம் அப்படி நடந்தது. கல்லறைக்கு வந்த பிறகு, பிள்ளை பெறாத அவன் மனைவியரைச் சாகச் சொன்னான் அடுத்து வந்த மகன். உள்ளே வேலை செய்த கைவினைஞர்கள் வழியைச் சொல்லிவிடுவார்களோ என்று வாசலை அடைத்து அவர்களை உள்ளேயே விட்டுவிட்டார்கள். 8,000 மண் ஆட்கள் காவல் நின்ற கல்லறைக்குள், உயிருள்ள ஆட்களின் கூக்குரல்.

நாலைந்து வருஷத்துக்குள் அந்த அரச வம்சமே ஒழிந்தது.

சகோதரங்களே, சீனாவை மட்டும் பேசிவிட்டுப் போகக் கூடாது. நம் மண்ணும் இறந்தவர்களைச் சுட்ட மண்ணோடு சேர்த்தே ஏற்றுக்கொண்ட மண். தெற்கே தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம், ஆதிச்சநல்லூர்ப் பரம்பு இருக்கிறது. 114 ஏக்கர் மேடு. பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் 1876-இல் வந்து முதலில் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி 1899 தொடங்கிச் சில வருஷம் தோண்டினார். 2004-இலும் 2005-இலும் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, சின்ன இடத்துக்குள்ளேயே 160-க்கு மேல் முதுமக்கள் தாழிகள் கிடைத்தன.

தாழியைப் பார்த்திருக்கிறீர்களா? வயிறு அகன்று, அடி குவிந்து, வாய் விரிந்த பெரிய பானை. அதற்குள் காலை மடக்கி உட்கார்ந்த கோலத்தில் சிலரை வைத்திருந்தார்கள். எனக்கு அதைப் பார்த்தபோது தாயின் வயிற்றில் பிள்ளை இருக்கிற கோலம் என்றுதான் தோன்றியது. கூடவே சின்னச் சின்னச் சட்டிகள், நெல் உமி, துணியின் தடம், நெற்றியில் கட்டுகிற தங்கப் பட்டம். அதே பக்கத்துச் சிவகளை என்ற ஊரில் ஒரு தாழிக்குள் நெல்லே இருந்தது. அது கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று சோதனையில் தெரியவந்ததை 2021-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சீனாவில் அந்தப் பேரரசன் பிறப்பதற்குச் சுமார் 900 வருஷத்துக்கு முன்னால், நம் ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் இறந்தவரோடு விதை நெல்லை வைத்து மூடியிருக்கிறது. ஐப்பசியில் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற உங்களுக்கு அந்தக் குடும்பத்தின் மனசு தெரியாதா? விதையை மண்ணுக்குள் வைக்கிறவன் எதற்காக வைக்கிறான்?

ஆதிச்சநல்லூரிலும் ஆயுதங்கள் இருந்தன. வாளும் ஈட்டியும் குத்துக்கத்தியும், எல்லாம் இரும்பு. அலெக்சாண்டர் ரீ ஒன்றைக் கவனித்து எழுதிவைத்தார். அந்த இரும்பெல்லாம் முனை கீழே பார்த்தபடி இருந்தனவாம். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மண்ணில் குத்திவிட்டுப் போனது போல. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. சீனத்து வீரன் ஆயுதம் பிடித்து எதிரியைப் பார்த்து நிற்கிறான். நம் ஆள் தன் ஈட்டியை இறந்தவன் பக்கத்தில் மண்ணுக்குள் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்கிறான். புறநானூற்றில் கணவனை இழந்த ஒரு பெண் தாழி செய்கிற குயவரைப் பார்த்துக் கேட்பதாக ஒரு பாட்டு இருக்கிறது. தனக்கும் சேர்த்து அகலமாக வனைந்து தரச் சொல்கிறாள். பேரரசனுக்கு 8,000 பேர் தேவைப்பட்டார்கள். அவளுக்கு ஒருவர் பக்கத்தில் இடம் போதும்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். பாஞ்சாலங்குறிச்சி. 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டுக் கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்களில் சனங்கள் சேர்ந்து அந்த மண்கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். வெறும் மண். அந்த மண் சுவருக்குப் பின்னால் நின்று கம்பெனிப் பீரங்கியைத் தாங்கினார்கள். மே 24-இல் கோட்டை விழுந்தது. போர்க்களமெல்லாம் உடல்கள். அப்போது நடந்த ஒன்றை, எதிர்ப்பக்கத்தில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரியே தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

ஒரு தாய் தன் மகனைத் தேடிக் களத்துக்கு வருகிறாள். உயிர் ஊசலாடுகிற நிலையில் கண்டுபிடித்துவிடுகிறாள். தூக்கப் போகிறாள். மகன் தடுக்கிறான். என்னை விடு, பக்கத்தில் சாமி காயம்பட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். ஊமைத்துரையைத்தான் சொல்கிறான். தாய் மகன் சொல்லைக் கேட்டாள். ஊமைத்துரையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தேடிவந்த படையாட்கள் வாசலுக்கு வந்தபோது, அவர்மேல் வெள்ளைத் துணியை மூடி, அம்மை கண்டு இறந்த பையன் என்று ஒப்பாரி வைத்தார்கள் பெண்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிப்போனார்கள்.

அந்தத் தாயின் பெயரையும் மகனின் பெயரையும் வெல்ஷ் எழுதவில்லை. அந்தச் சண்டையில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் எழுத்து இருக்கிறது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்காகவும் ஜெபிக்கிறேன். ஆனால் தன் உயிரைப் பக்கத்தில் கிடந்தவனுக்குத் தள்ளிவிட்ட அந்தப் பையன், நம் கரிசலில், ஒரு அடையாளம்கூட இல்லாமல் கலந்துவிட்டான்.

இதைச் சொல்லும்போது என் நெஞ்சில் கிடக்கிற ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் எந்தப் பங்கிலும் சொல்லாதது.

நான் குருப்பட்டம் வாங்கிப் புதிதாக இருந்தேன். வேறொரு ஊரில் உதவிப் பங்குத்தந்தை. ஒருநாள் ராத்திரி பஸ் நிறுத்தத்தில் ஒரு ஆள் இறந்துகிடந்தார். நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் உத்தரியம் கிடந்ததால் நம் ஆள் என்று எங்களிடம் கொண்டுவந்தார்கள். போலீஸ் வேலையெல்லாம் முடிந்து உடல் எங்கள் கைக்கு வரும்போது மறுநாள் சாயங்காலம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. குழி வெட்டியவர்கள் அவசரப்பட்டார்கள். நானும் அவசரப்பட்டேன். ஜெபப் புத்தகத்தில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் ஒரு நொடி நின்றேன். பிறகு "உம் அடியார்" என்று மட்டும் சொல்லித் தாண்டிப்போனேன். மண் போட்டோம். குச்சியைக்கூட நடவில்லை. நாளைக்கு நடலாம் என்றேன். அந்த நாளை வரவே இல்லை.

மூன்று மாசம் கழித்து ஒரு பெண் வந்தார். இறந்தவரின் தங்கை. கையில் ஒரு கல்யாணப் படம், அதில் ஓரமாக நின்ற அண்ணன் முகத்தை மட்டும் மடித்துக் காட்டினார். அதே முகம். "எங்க அண்ணன எங்க வச்சிருக்கீக சாமி?" என்று கேட்டார். நான் அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அது கரிசல் காடு. மழை முடிந்து, மண் ஊறிக் காய்ந்து, எல்லாம் ஒரே மட்டமாகிவிட்டது. புல் வேறு முளைத்திருந்தது. இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் நடந்து, இல்லை, அந்தப் பக்கம் என்றேன். அந்தத் தங்கச்சி என்னை ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்து நடுவில் உட்கார்ந்து, பொதுவாக எல்லா மண்ணையும் பார்த்து, அண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அப்போதுதான் அந்தப் பெயர் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் ஒப்புக்கொடுத்த எந்தப் பூசையிலும் அந்தப் பெயரை விட்டதில்லை. ஆனாலும் அந்தத் தங்கை கேட்டபோது காட்ட எனக்கு இடம் இல்லை.

சகோதரங்களே, நம் ஆண்டவர் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தார் என்று தொடக்கநூலில் படிக்கிறோம். பேரரசனும் மண்ணைப் பிசைந்துதான் ஆள் செய்தான். ஆண்டவர் செய்ததில் மூச்சை ஊதினார். ஊதியவர் கூப்பிட்டார். ஆதாமே, எங்கே இருக்கிறாய் என்று தோட்டத்தில் தேடிக் கூப்பிட்டவர் அவர். அன்றிலிருந்து அவர் வழக்கமே அதுதான். லாசர் கல்லறையில் நாலு நாள் ஆன பிறகும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். இயேசு சொன்ன உவமையைக் கவனியுங்கள்: வாசலில் புண்ணோடு கிடந்த ஏழைக்கு லாசர் என்று பெயர் இருக்கிறது, உள்ளே விருந்து சாப்பிட்ட பணக்காரனுக்குப் பெயரே இல்லை. சின் ஷி ஹுவாங்கின் பெயரை உலகம் மறக்காது. அந்தப் பக்கத்தில் எந்தப் பெயர் கூப்பிடப்படுகிறது என்பதை நாம் பார்த்தா இருக்கிறோம்?

நம் ஆண்டவரின் கல்லறைக்கும் பட்டாளம் காவல் நின்றது, ஞாபகம் இருக்கிறதா? இரவல் கல்லறை. அரிமத்தியா யோசேப்பு தனக்கென்று வெட்டி வைத்திருந்தது. கல்லை உருட்டி, முத்திரை வைத்து, காவலர்களை நிறுத்தினார்கள். பேரரசனின் பட்டாளம் அவனைச் சாவிலிருந்து காக்க நின்றது. இந்தப் பட்டாளம் இவரைச் சாவுக்குள்ளேயே பிடித்து வைக்க நின்றது. விடியும்போது அந்த உயிருள்ள காவலர்கள் நடுங்கிச் செத்தவர்களைப் போல ஆனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். எழுந்து வந்தவர் மேசியாவின் படையைக் கூட்டவில்லை. தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வந்தார். அவள் தோட்டக்காரர் என்று நினைத்தாள். அவர் அவள் பெயரைச் சொன்னார். சொன்னதும்தான் அவளுக்கு ஆள் தெரிந்தது.

இன்னொன்றையும் மத்தேயு எழுதுகிறார். நாம் படித்துவிட்டு வேகமாகத் தாண்டிப்போகிற இடம் அது. யூதாஸ் வீசிவிட்டுப் போன 30 வெள்ளிக்காசை என்ன செய்வது என்று தலைமைக் குருக்கள் யோசித்தார்கள். காணிக்கைப் பெட்டியில் போடக் கூடாது, இரத்தத்தின் விலை. அதைக் கொண்டு குயவன் நிலத்தை வாங்கினார்கள். எதற்கு? அந்நியர்களை அடக்கம் செய்ய. இயேசுவை விற்ற காசு, ஊர் பேர் தெரியாத பரதேசிகளுக்குக் கல்லறைத் தோட்டமாக ஆயிற்று. மண் தோண்டித் தோண்டிக் குயவன் விட்டுப்போன குழி நிலம். எருசலேமுக்குத் திருவிழாவுக்கு வந்த இடத்தில் செத்துப்போனவன், வேலை தேடி வந்தவன், யாருமில்லாதவன் எல்லாரும் அங்கே. ஆண்டவரின் இரத்தம் முதன்முதலில் யாருக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டால், நான் அவர்களைத்தான் சொல்வேன்.

தம்பி, உனக்கு நான் சொல்லாமல் வைத்திருந்த பதில் இப்போது வருகிறது. சீனாவில் அந்தப் பேரரசனின் கல்லறைக்கு அருகிலேயே இன்னொரு கல்லறைத் தோட்டமும் கிடைத்தது. அங்கே பொம்மைகள் இல்லை. அந்தக் கல்லறையைக் கட்ட வந்து, வேலையிலேயே இறந்துபோன கூலிக்காரர்களின் எலும்புகள். குழிக்குள் அடுக்கியது போலக் கிடந்தார்கள். சிலருடைய எலும்புகளின் பக்கத்தில் உடைந்த கூரை ஓட்டுத் துண்டு ஒன்று வைத்திருந்தது. அந்தத் துண்டில் கூர்மையான எதனாலோ கீறி எழுதியிருந்தார்கள்: இன்ன ஊர்க்காரர், பெயர் இன்னார். சிலருக்கு, கட்ட முடியாத அபராதத்துக்கும் கடனுக்கும் உழைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்றும் எழுதியிருந்தது. பல நூறு கல் தொலைவிலிருந்து வந்தவர்கள்.

அரசன் எழுதச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட மண் சுமந்த கூட்டாளி ஒருவன், வேலைத்தளத்தில் உடைந்து கிடந்த ஓட்டை எடுத்து, ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, எழுத்துத் தெரிந்தவனிடம் கேட்டுக் கேட்டுக் கீறியிருப்பான். இவன் வீட்டார் என்றைக்காவது தேடி வந்தால் தெரியட்டும் என்று நினைத்திருப்பான். 8,000 பொம்மைகளில் ஒன்றுக்குக்கூடக் கிடைக்காத பெயர், அந்தக் கூலிக்காரனுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்காத புத்தி அந்தக் கூட்டாளிக்கு இருந்திருக்கிறது.

அதனால் இன்று ஒரு காரியம் செய்வோம். வழக்கம்போல நீங்கள் கொடுத்த பெயர்த் தாள்கள் பீடத்தில் இருக்கின்றன. உங்கள் அப்பா, அம்மா, அய்யா, ஆத்தா பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, எல்லாவற்றையும் வாசிப்பேன். அதற்கு முன்னால், பெயர் கொடுக்க ஆள் இல்லாதவர்களை எடுப்போம். பழைய சமையல் கொட்டகையைப் பிரித்தபோது கழித்துப் போட்ட நாட்டு ஓடுகளில் உடைந்ததை, நேற்று ராத்திரி கோயில்பிள்ளையும் நானும் பொறுக்கிக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறோம். வேப்பமரத்தடியில் ஓலைப்பெட்டியில் இருக்கிறது. ஆணியும் பக்கத்தில் இருக்கிறது. மழை அழித்துவிடாதபடி, எழுதினால் கீறித்தான் எழுத வேண்டும்.

யார் பெயரை எழுதுவது என்று கேட்பீர்கள். கண்ணை மூடினால் ஞாபகம் வரும். தெற்குச் சுவர் ஓரத்தில் சிலுவை இல்லாமல் புதைத்த பச்சைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருமுழுக்குக்கு முன்னால் இறந்ததால் பெயரில்லை என்று அன்று விட்டுவிட்டோம். பெற்றவள் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருப்பாள். அம்மா, அந்தப் பெயரை இன்றைக்கு எழுது. ஒருவரும் உன்னை ஏன் என்று கேட்க மாட்டார்கள். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்கள் என்று வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தவர்கள் இருக்கிறார்கள். திருச்சபை இன்று அவர்களுக்காகவும் ஜெபிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டு, ஆள் தெரியாமல் போனவர்கள். காற்றாலை வேலைக்கு வடக்கேயிருந்து வந்து இங்கே இறந்த பையன்கள்; அவர்கள் நம் வேதம் இல்லை, பரவாயில்லை, கடவுளுக்கு அவர்கள் பெயர் தெரியும். பிள்ளை இல்லாமல் செத்துப்போய், சுண்ணாம்பு அடிக்க ஆள் இல்லாமல் கிடக்கிற பாட்டிகள். பிள்ளை இல்லாதவர்களுக்கு மகன்களாலும் மகள்களாலும் வருவதைவிடப் பெரிய பெயரைத் தன் வீட்டுக்குள் தருவதாக ஆண்டவர் எசாயா வழியாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுச் சுவரில் நாம் ஒரு ஓடாவது பதிப்போம்.

பெயர் தெரியாவிட்டால், ஊரை எழுதுங்கள். ஊரும் தெரியாவிட்டால், எப்போது எப்படி வந்தார் என்று எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மறைக்கல்விப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். எழுதிய ஓட்டை, அவர் கிடக்கிற இடம் தெரிந்தால் அங்கேயே ஒரு சாண் ஆழத்தில் படுக்க வையுங்கள். கரிசல் சிலுவையைச் சாய்க்கும். படுத்த ஓட்டைச் சாய்க்காது. இடம் தெரியாவிட்டால், நடுச்சிலுவையின் அடியில் வையுங்கள்.

முதல் ஓட்டை நான் காலையிலேயே எழுதிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் இறந்த அந்த அண்ணனுடைய பெயர். அவர் கிடப்பது வேறு ஊர் மண். இருந்தாலும் இங்கே வைக்கிறேன். இரண்டாவது ஓட்டில், "பாஞ்சாலங்குறிச்சியில் இறந்த பையன், அவன் தாய்" என்று எழுதச் சொல்லி, நேற்று கேள்வி கேட்ட பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். அவன் எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், பாருங்கள்.

மேகம் கூடுகிறது. மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஓரத்துப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவோம். வா தம்பி, நீ முன்னால் நட.